குடும்ப செடானைக் கொடுத்துவிட்டு ரெண்டு சீட்டு ஸ்போர்ட்ஸ் கார் எடுக்கலாமா?

மூன்றாவதுகியர்:
வணக்கம். இங்கே ரொம்ப நாளாகப் படிக்கிறேன், எழுதுவது இதுதான் முதல் தடவை. எட்டு வருடமாக ஒரு ஆட்டோமேட்டிக் செடான் ஓட்டுகிறேன். நாலு கதவு, டிக்கியில் ரெண்டு பெரிய பெட்டி போட்ட பிறகும் இடம் இருக்கும், ஒரு நாளும் நடுவழியில் நின்றதில்லை. அந்தக் காரின் மேல் ஒரு குறையும் சொல்ல முடியாது. ஆனால் போன மாதம் நண்பர் ஒருவர் தன்னுடைய பழைய மஸ்டா எம்எக்ஸ்-5-ஐ (துணிக்கூரையைத் திறந்து மூடும் ரெண்டு சீட்டு ஸ்போர்ட்ஸ் கார்) அரை மணி நேரம் ஓட்டச் சொல்லிச் சாவியைக் கையில் கொடுத்தார். முதல் தலைமுறை வண்டி, ஹெட்லைட் மேலே எழும்பி வரும் மாடல். கியர் மாற்ற மணிக்கட்டை லேசாகத் திருப்பினால் போதும், டக்கென்று போய் உட்காருகிறது. சாலையில் தார் ஒட்டுப்போட்ட இடம்கூட ஸ்டியரிங் வழியாகக் கைக்குத் தெரிகிறது. அறுபதுக்கு மேல் போகவே இல்லை, ஆனாலும் இறங்கும்போது நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது. திரும்பி வந்து என் காரில் ஏறினால் எதுவுமே கைக்கு எட்டாத மாதிரி இருக்கிறது.

வீட்டில் நான், மனைவி, மகள் (10 வயது), மகன் (6 வயது). மனைவியிடம் சின்ன ஹேட்ச்பேக் ஒன்று இருக்கிறது, மேனுவல். மூன்று கார் வைத்துக்கொள்ள இடமும் கிடையாது, வசதியும் கிடையாது. ஸ்போர்ட்ஸ் கார் வந்தால் செடான் போயாக வேண்டும். இப்படி மாறியவர்கள் யாராவது இருந்தால் உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள்.

கூரைதிறந்தவன்:
எடுத்துவிடுங்கள். எனக்கு 58 வயது. முழங்கால் தேய்ந்த பிறகுதான் எனக்கு வேளை வந்தது, இப்போது ஏறி இறங்க ஒரு கையை ஊன்ற வேண்டியிருக்கிறது. இருபது வருடம் முன்பே எடுத்திருக்கலாம் என்று ஒவ்வொரு முறையும் நினைக்கிறேன்.

நெடுஞ்சாலைநாலு:
நண்பரே, அரை மணி நேர ஓட்டத்தை வைத்து முடிவெடுக்காதீர்கள். நான் ஒன்றரை வருடம் ஒரு ரோட்ஸ்டரை, அதாவது இந்த மாதிரி கூரை திறக்கும் ரெண்டு சீட்டு வண்டியை, தினமும் வேலைக்கு ஓட்டிவிட்டு விற்றவன். துணிக்கூரையை மூடிக்கொண்டு நூறில் போனால் பக்கத்து சீட்டில் இருப்பவரிடம் சத்தமாகத்தான் பேச வேண்டும். லாரி பக்கத்தில் வந்தால் அதன் சக்கர நட்டு உங்கள் கண் மட்டத்தில் இருக்கும், அந்த டிரைவருக்கு நீங்கள் இருப்பதே தெரியாது. வேகத் தடை ஒவ்வொன்றையும் கோணலாக ஏறி இறங்கப் பழக வேண்டும். ஒரு கை சாமான் வாங்கினால் டிக்கி நிறைந்துவிடும். இன்றைய எம்எக்ஸ்-5 டிக்கி 130 லிட்டர், ஒரு நடுத்தர செடானில் 450, 500 லிட்டர் இருக்கும். இதெல்லாம் ஞாயிற்றுக்கிழமை காலையில் தெரியாது, செவ்வாய்க்கிழமை மாலை மழையில் டிராஃபிக்கில் கிளட்ச்சை மிதித்து மிதித்து வரும்போது தெரியும்.

இன்னொன்று. வேகத்துக்காக என்றால் வேண்டவே வேண்டாம். முதல் தலைமுறை 1.6 லிட்டர் வண்டி நூறைத் தொட ஏறத்தாழ ஒன்பது நொடி எடுக்கும். உங்கள் செடானே அதற்குச் சமமாகப் போகும்.

வளைவுசாலை:
வேகத்துக்காக யார் சார் எம்எக்ஸ்-5 வாங்குகிறார்கள்? எடைக்காக வாங்குகிறார்கள். முதல் தலைமுறை வண்டி 950 கிலோ சுமார், ஒரு குடும்ப செடான் 1,500 கிலோ. அந்த ஐந்நூறு கிலோ குறைந்ததைத்தான் அவர் கை உணர்ந்திருக்கிறது. பிரேக் பிடித்தால் நிற்கிறது, திருப்பினால் திரும்புகிறது, இடையில் காத்திருப்பு இல்லை. என்ஜின் முன் அச்சுக்குப் பின்னால் தள்ளி வைக்கப்பட்டிருக்கும், இழுவை பின்சக்கரத்தில், கியர்பாக்ஸையும், பின்சக்கரங்களுக்குச் சக்தியைப் பிரித்துக் கொடுக்கும் டிஃபரென்ஷியலையும் ஒரு அலுமினியச் சட்டம் நேராக இணைத்திருக்கும், அதனால் ஆக்ஸிலரேட்டரை மிதித்ததும் நடுவில் தளர்வு இல்லாமல் உந்துதல் போய்ச் சேரும். முன்னும் பின்னும் எடை கிட்டத்தட்டப் பாதிப் பாதி. மஸ்டாக்காரர்கள் இதைக் குதிரையும் ஓட்டுபவனும் ஒன்றாவது என்ற பொருளில் ஜின்பா இட்டாய் என்பார்கள்.

1960-களில் லோட்டஸ் எலான் மாதிரி சின்னத் திறந்த கார்கள் இருந்தன, அப்புறம் அந்த வகையே மங்கிப்போனது, 1980-ல் எம்ஜிபி என்ற பிரிட்டிஷ் திறந்த காரின் தயாரிப்பும் நின்றது. 1989-ல் சிகாகோ மோட்டார் காட்சியில் மஸ்டா இதைக் கொண்டுவந்து நிறுத்திய பிறகுதான் உலகத்துக்கே அந்த ஆசை திரும்ப வந்தது. 2016-ல் பத்து லட்சமாவது வண்டி தயாரானது. ரெண்டு சீட்டு ஸ்போர்ட்ஸ் காரில் அதிகம் விற்றது என்ற கின்னஸ் சாதனையும் இதற்குத்தான். பழைய வண்டி வாங்குபவருக்கு இதில் ஒரு பெரிய நிம்மதி இருக்கிறது. அத்தனை வண்டி ஓடுவதால் உதிரிபாகம் கிடைக்கிறது, கைப்பழக்கம் உள்ளவர்களும் கிடைக்கிறார்கள்.

பின்சீட்டுஅம்மா:
நான் இந்தக் கேள்வியின் மறுபக்கத்திலிருந்து எழுதுகிறேன். என் கணவர் நாலு வருடம் முன்பு இதையேதான் செய்தார். பெரிய காரைக் கொடுத்துவிட்டு ரெண்டு சீட்டு ரோட்ஸ்டர் எடுத்தார். என்னிடம், உங்கள் மனைவியிடம் இருப்பது போலவே, சின்ன ஹேட்ச்பேக் இருந்தது. காகிதத்தில் எல்லாம் சரியாகத்தான் இருந்தது, அவசரத்துக்கு என் கார் இருக்கிறதே என்று ரெண்டு பேரும்தான் முடிவெடுத்தோம்.

நடந்தது என்னவென்றால், பிள்ளைகள் சம்பந்தப்பட்ட அத்தனை ஓட்டமும் சத்தமில்லாமல் என் தலையில் வந்து விழுந்தது. பள்ளி, நீச்சல் வகுப்பு, பல் டாக்டர், தோழி வீட்டுக்குப் போன பெண்ணை ராத்திரி ஒன்பதரைக்குப் போய்க் கூட்டி வருவது, எல்லாம். அவர் மாட்டேன் என்று சொல்லவில்லை. "நான் போகிறேன்" என்பார். ஆனால் அவர் போக என் சாவி வேண்டும், நான் அப்போது வெளியே இருந்தால் அவருக்கு வழியில்லை. ஒரு நாள் பள்ளியிலிருந்து போன், மகனுக்குக் காய்ச்சல், வந்து கூட்டிப் போங்கள் என்று. அன்றைக்கு மகளுக்கும் அரைநாள்தான். அவர் பள்ளிக்குப் பத்து நிமிட தூரத்தில் இருந்தார், நான் நாற்பது நிமிட தூரத்தில். ரெண்டு பிள்ளை, ஒரு சீட். நான்தான் போனேன். நான் போய்ச் சேரும்போது மகன் அலுவலக அறை பெஞ்சில் அக்கா மடியில் தலை வைத்துப் படுத்திருந்தான். அன்று இரவு எங்கள் வீட்டில் பெரிய சண்டை.

காரை விற்கச் சொல்லவில்லை. வேறொரு ஏற்பாடு செய்தோம். பள்ளி நாட்களில் திங்கள், புதன், வெள்ளி ஹேட்ச்பேக் அவரிடம், ரோட்ஸ்டர் என்னிடம். அதாவது அந்த நாட்களில் பிள்ளைகள் அவர் பொறுப்பு, போன் வந்தால் அவர்தான் போக வேண்டும். அதிலிருந்து பிரச்சினை போய்விட்டது, எனக்கும் அந்தக் கார் பிடித்துப்போனது, உண்மையாகவே பிடித்துப்போனது. காலையில் கூரையைத் திறந்துகொண்டு தனியாகப் போகும் இருபத்தைந்து நிமிடம் எனக்கு வாரத்தில் மூன்று நாள் கிடைக்கிறது.

அதனால் நீங்கள் கேட்க வேண்டியது இதுதான்: உங்கள் செடானில் இருக்கும் மூன்று சீட் காணாமல் போகும்போது அந்த வேலையை யார் செய்யப் போகிறார்கள்? அதை மனைவியிடம் கேட்டீர்களா? "எடுத்துக்கோ" என்று அவர் சொல்லியிருந்தால், எதற்குச் சரி சொல்கிறோம் என்று தெரிந்துதான் சொன்னாரா?

மூன்றாவதுகியர்:
நன்றி தோழி. ரெண்டு தடவை படித்தேன். "உனக்கு ஆசையாக இருந்தால் எடுத்துக்கோ" என்றுதான் மனைவி சொன்னாள், நானும் அதோடு விட்டுவிட்டேன். பள்ளியிலிருந்து யார் கூட்டி வருவது என்ற பேச்சே வரவில்லை. இன்று இரவு பேசுகிறேன்.

நெடுஞ்சாலைநாலு:
இதைப் படித்த பிறகு ஒன்று சேர்த்துச் சொல்கிறேன். பேசுவதற்கு முன் எண்ணுங்கள். ஒரு சின்ன நோட்டு காரில் போட்டு வையுங்கள், ஒரு மாதம், வண்டி கிளம்பும் ஒவ்வொரு தடவையும் உள்ளே எத்தனை பேர், டிக்கியில் என்ன இருந்தது என்று மட்டும் குறியுங்கள். நம் ஞாபகத்தை நம்ப முடியாது, ஆசைப்பட்டால் "பெரும்பாலும் தனியாகத்தானே போகிறேன்" என்று தோன்றும், பயப்பட்டால் வருடத்துக்கு ஒரு முறை போகும் நீண்ட பயணம் மட்டும் ஞாபகம் வரும்.

ஆறாம்விரல்:
ஒரு முக்கியமான விஷயத்தை யாரும் சொல்லவில்லை. ரெண்டு சீட்டு காரில் பிள்ளை உட்காரும் ஒரே இடம் ஏர்பேக் முன்னால் இருக்கும் சீட். பின்னோக்கி வைக்கும் குழந்தை இருக்கையை, வேலை செய்யும் ஏர்பேக் முன்னால் வைக்கவே கூடாது, அது உயிருக்கே ஆபத்து. ஆறு வயதுப் பையனுக்கு முன்னோக்கிய இருக்கையோ பூஸ்டரோதான் வரும், அப்போதும் சீட்டை முடிந்த அளவு பின்னுக்குத் தள்ளி வைக்க வேண்டும், அந்த மாடலின் கையேட்டில் குழந்தை இருக்கை பற்றி என்ன போட்டிருக்கிறது என்று பார்த்தே ஆக வேண்டும். சில வண்டிகளில் ஏர்பேக்கை நிறுத்த சாவித்துளை இருக்கும், சிலவற்றில் இருக்காது. பிள்ளைகளுக்குப் பின்சீட்தான் பாதுகாப்பு என்பது எல்லா இடத்திலும் சொல்லும் விஷயம். பையனை வாரம் ஒரு தடவை பக்கத்துத் தெரு வரை கூட்டிப்போவது வேறு, தினமும் அதிலேயே பள்ளிக்குக் கொண்டுபோவது வேறு.

முதல் தலைமுறை வண்டியில் எலெக்ட்ரானிக் ஸ்டெபிலிட்டி கன்ட்ரோலும் (சறுக்கும்போது வண்டியைத் தானாகக் கட்டுப்படுத்தும் வசதி) கிடையாது. மழையில் வளைவின் நடுவே ஆக்ஸிலரேட்டரை அவசரமாக மிதித்தால் வால் வீசும், உங்கள் செடானில் அப்படி நடந்தே பார்த்திருக்க மாட்டீர்கள்.

மூன்றாவதுகியர்:
இது எனக்கு உறைத்தது. பையனை அதில் தினமும் கூட்டிப்போகும் எண்ணம் இல்லை என்று இப்போதே எழுதி வைக்கிறேன்.

பின்னால் ரெண்டு சின்ன சீட் உள்ள டொயோட்டா 86 மாதிரி ஏதாவது எடுத்தால் ரெண்டு பக்கமும் சரியாகுமா?

வளைவுசாலை:
86 அருமையான வண்டி, 2012-ல் வந்தது, சுபாரு பிஆர்இசட்-ம் அதுவும் உடன்பிறப்புகள். ஆனால் பின்சீட்டில் பத்து வயதுப் பெண்ணை உட்கார வைத்தால் முன்சீட்டுக்காரர் முழங்காலை ஸ்டியரிங்கில் இடித்துக்கொள்வார். ரெண்டே கதவு, முன்சீட்டை மடக்கிப் பிள்ளையைப் பின்னால் அனுப்பி, குனிந்து உள்ளே தலையை விட்டுப் பெல்ட் போட வேண்டும். அவசரத்துக்கு உதவும், அதை நம்பிக் குடும்பம் நடத்த முடியாது. எனக்குக் கேட்டால் பாதி ஆசைக்குச் செலவு செய்யாதீர்கள்.

மற்றவை பற்றி: ஹோண்டா எஸ்2000 (1999 முதல் 2009 வரை) என்ஜின் நிமிடத்துக்கு ஆறாயிரம் சுற்றுக்கு மேல்தான் விழித்துக்கொள்ளும், ஒன்பதாயிரம் வரை சுற்றும், ஊருக்குள் நிதானமாகப் போகிறவருக்கு அது வீண். டொயோட்டா எம்ஆர்2-வில் என்ஜின் நடுவில், வளைவில் பயந்து காலை எடுத்தால் பின்பக்கம் முன்னால் வரப் பார்க்கும், பழகியவர்களுக்கானது. போர்ஷே பாக்ஸ்டர் 1996-ல் வந்தது, முன்னும் பின்னும் ரெண்டு டிக்கி இருப்பதால் இந்த வகையில் சாமானுக்கு அதுவே வசதி, ஆனால் முதல் தலைமுறையில் என்ஜினுக்குள் இருக்கும், உடைந்தால் என்ஜினையே கெடுக்கும் இன்டர்மீடியட் ஷாஃப்ட் பேரிங் பற்றி விசாரிக்காமல் வாங்கக் கூடாது. முதல் ஸ்போர்ட்ஸ் காருக்கு எம்எக்ஸ்-5தான் என் பதில்.

பட்டறைவாசம்:
பழைய எம்எக்ஸ்-5 பார்க்கப் போகும்போது எங்கே கை வைப்பது என்று சொல்கிறேன். பத்து பன்னிரண்டு வண்டி பிரித்துப் பார்த்திருக்கிறேன், அதனால் கொஞ்சம் நீளமாகப் போகும்.

என்ஜினை விடுங்கள், அது ஓடும். முதல் எதிரி துரு. பின்சக்கரத்துக்கு முன்னால், கதவுக்குக் கீழே ஓடும் விளிம்பு இருக்கிறதே, அதைக் குனிந்து, மண்டியிட்டு, விரலால் அழுத்திப் பாருங்கள். பெயின்ட் கொப்பளித்திருந்தால் உள்ளே தகடு போய்விட்டது என்று அர்த்தம், வெளியே தெரிவது கொஞ்சம்தான். டிங்கரிங் செய்து புது பெயின்ட் அடித்த வண்டி என்றால் காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றி அங்கே வைத்துப் பாருங்கள், பட்டி பூசிய இடத்தில் ஒட்டாது.

இந்தத் துரு எங்கிருந்து வருகிறது தெரியுமா? கூரையில் விழும் மழைத்தண்ணீர் துணியின் பின்விளிம்பில் உள்ள ஒரு வாய்க்காலில் இறங்கி, ரெண்டு சீட்டுக்கும் பின்னால், பெல்ட் இருக்கும் மூலையில் உள்ள துளை வழியாகக் கீழே போக வேண்டும். இலையும் தூசியும் சேர்ந்து அந்தத் துளை அடைத்துக்கொள்ளும், தண்ணீர் பொங்கி உள்ளே இறங்கும், விளிம்புக்குள் தேங்கும். பார்க்கப் போகும்போது ஒரு பாட்டில் தண்ணீர் கொண்டுபோங்கள். விற்பவரிடம் கேட்டுக்கொண்டு, கூரையை மடித்து, அந்த மூலையில் மெதுவாக ஒரு டம்ளர் ஊற்றுங்கள். பின்சக்கரத்துக்கு முன்னால் தரையில் தண்ணீர் சொட்ட வேண்டும். சொட்டவில்லை என்றால் சீட்டுக்குப் பின்னால் கார்ப்பெட்டைத் தூக்கி உள்ளங்கையை வையுங்கள். ஈரமாக இருந்தால், அல்லது பழைய துணி மூட்டை நாற்றம் அடித்தால், எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும் வந்துவிடுங்கள்.

காலையில் என்ஜின் குளிர்ந்திருக்கும்போது பார்க்க வருகிறேன் என்று சொல்லுங்கள். ரெண்டாவது கியர் முதல் சில நிமிடம் கரகரக்கும், சூடானதும் போய்விட்டால் சரி, போகவில்லை என்றால் சிங்க்ரோ (கியர் சத்தமில்லாமல் விழ உதவும் வளையம்) தேய்ந்திருக்கிறது. டைமிங் பெல்ட் ஏறத்தாழ 1 லட்சம் கி.மீ.க்கு ஒரு தடவை மாற்ற வேண்டும், மாற்றிய பில் இல்லை என்றால் மாற்றவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். முதல் தலைமுறையில் பேட்டரி டிக்கிக்குள் இருக்கும், அதற்கென்று வாயு வெளியேறும் குழாய் வைத்த வகை, யாராவது சாதாரண பேட்டரியைத் தூக்கிப் போட்டிருந்தால் சுற்றிலும் தகடு அரித்திருக்கும். அப்புறம் டயர். பக்கவாட்டில் நாலு இலக்கம் இருக்கும், 2315 என்றால் 2015-ன் 23-வது வாரம் தயாரானது. இந்த வண்டிகள் குறைவாக ஓடுவதால் டயர் பட்டன் தேயாமல் அப்படியே இருக்கும், ரப்பர் கல்லாகியிருக்கும். மேலே ஒருவர் சொன்ன மழை வளைவில் அந்த டயர்தான் ஆளைக் கவிழ்க்கும்.

கூரைதிறந்தவன்:
பட்டறை நண்பர் சொன்ன தண்ணீர் விஷயம் நூற்றுக்கு நூறு. வருடத்துக்கு ரெண்டு தடவை நானே அந்தத் துளையை மெல்லிய நைலான் நரம்பு விட்டுச் சுத்தம் செய்கிறேன். கம்பி விடாதீர்கள், உள்ளே கிழிந்துவிடும்.

மூன்றாவதுகியர்:
ஐந்து வாரம் கழித்து வருகிறேன். நோட்டு போட்டேன். மொத்தம் 61 தடவை வண்டி கிளம்பியிருக்கிறது. தனியாக 38. ரெண்டு பேர் 12. மூன்று பேர் 4. நாலு பேர் 7. அந்த ஏழில் ஐந்தை மனைவியின் ஹேட்ச்பேக்கிலேயே போயிருக்கலாம், மீதி ரெண்டும் சாமானோடு தூரப் பயணம். அதற்கு வாடகைக்கு ஒரு பெரிய கார் எடுத்துக்கொள்வோம் என்று பேசியிருக்கிறோம்.

ஆனால் அந்த 12-ஐப் பிரித்துப் பார்த்தபோதுதான் எனக்குத் தெரிந்தது, அதில் 9 தடவை கூட இருந்தது மகன். அதாவது நான் அவனை ஓட்டிப்போகும் 9 தடவையும் இனி மனைவியின் வண்டியில்தான். மூன்று பேர் போன நாலும் நானும் பிள்ளைகளும்தான். தோழி சொன்னது அப்படியே நோட்டில் இருந்தது. மனைவியிடம் நோட்டைக் கொடுத்தேன். அவள் ஒன்றும் சொல்லாமல் கடைசிப் பக்கத்தில் வாரக் கட்டம் போட்டு, செவ்வாயும் வியாழனும் ஹேட்ச்பேக் உன்னிடம், பிள்ளைகளும் உன்னிடம், மகனுடைய கராத்தே வகுப்பும் அதில் சேர்த்தி என்று எழுதிக் கொடுத்தாள். நான் ஒத்துக்கொண்டேன். மகள் மட்டும், "எனக்கும் தம்பிக்கும் அந்தக் காரில் எந்த சீட்?" என்று கேட்டாள். ஒவ்வொருவராக மாறி மாறி என்று சொன்னேன், பக்கத்துத் தெரு வரைக்கும்தான் என்றும் சொன்னேன். அவள் நாள் குறித்து வைத்திருக்கிறாள்.

போன ஞாயிறு ஒரு வண்டி பார்த்தேன். சிவப்பு, கழுவி மெழுகு பூசி நிறுத்தியிருந்தார்கள், பார்த்ததும் மனசு போய்விட்டது. கையில் தண்ணீர் பாட்டில் இருந்தது, ஊற்றினேன், கீழே சொட்டவில்லை. கார்ப்பெட்டைத் தூக்கினேன். உள்ளங்கை நனைந்தது. கீழ் விளிம்பில் கட்டைவிரல் வைத்து அழுத்தியதும் பெயின்ட் பிஸ்கட் மாதிரி நொறுங்கியது. விற்பவர் நல்ல மனிதர், அவருக்கே தெரியவில்லை. நன்றி சொல்லிவிட்டு வந்துவிட்டேன், வரும் வழியெல்லாம் வருத்தமாகத்தான் இருந்தது.

பட்டறைவாசம்:
சரியாகச் செய்தீர்கள். அந்த விளிம்பை வெட்டிப் புதுத் தகடு வைப்பது வண்டி வாங்குவதை விடப் பெரிய வேலையாகிவிடும்.

மூன்றாவதுகியர்:
இந்த சனிக்கிழமை இன்னொரு வண்டி பார்க்கிறோம், இந்தத் தடவை மனைவியும் வருகிறாள், அவளும் ஓட்டிப் பார்க்கப் போகிறாள். அவள் உயரம் ஐந்து அடிக்குக் கொஞ்சம் குறைவு. கிளட்ச்சை முழுதாக மிதிக்க எட்டுமா, ஸ்டியரிங்கை இறக்க முடியுமா?

வளைவுசாலை:
முதல் ரெண்டு தலைமுறையில் ஸ்டியரிங் அசையாது, ஒரே நிலைதான். 2019 மாடலிலிருந்துதான் மேல் கீழோடு முன்னும் பின்னும் இழுக்க வருகிறது. ஆனால் பெடல் எட்டும், சீட் நன்றாக முன்னால் வரும். பார்வைதான் பானெட்டுக்கு மேலே சரியாக வருகிறதா என்று பார்க்க வேண்டும்.

பின்சீட்டுஅம்மா:
நானும் ஐந்து அடிதான். முதுகுக்குப் பின்னால் தடிமனான ஒரு குஷன், அடியில் கெட்டியான மெல்லிய ஒன்று, சறுக்காத துணி போட்டது. அடியில் வைப்பது மெத்தென்று இருந்தால் பிரேக் பிடிக்கும்போது அமுங்கி முன்னால் வழுக்கும், அதைக் கவனியுங்கள். ரெண்டையும் வீட்டிலிருந்தே எடுத்துப் போங்கள், நின்ற இடத்திலேயே கிளட்ச்சைப் பத்து தடவை மிதித்துப் பார்த்துவிட்டு அப்புறம் அவர் ஓட்டட்டும். முதல் தடவை நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து ஒன்றும் சொல்லாதீர்கள்.

மூன்றாவதுகியர்:
சரி. குஷன் ரெண்டும், தண்ணீர் பாட்டிலும், காந்தமும் பையில் வைத்தாயிற்று. சனிக்கிழமை ராத்திரி எழுதுகிறேன்.